மனம் நிருமித்த துணை

ஒரு சொல் ஒரு நாட்டினின்றும் மற்றொரு நாட்டுக்குச் செல்லும்போது தன் பழைய பொருளை முழுவதும் சுமந்து செல்வதில்லை. அதனை ஏற்றிச் செல்வோர் யார், எந்தச் சந்தையில் அது இறக்கப்படுகின்றது, அதனைப் பெற்றுக்கொள்வோரின் தேவை யாது என்பனவே அதன் புதிய பொருளைத் தீர்மானிக்கின்றன. 'துல்பா' என்னும் திபெத்தியச் சொல்லின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் இளைஞர் சிலர், இடைவிடாத மனப்பயிற்சியினால் தமக்குள்ளே வேறோர் ஆளைப் படைத்துக்கொள்ளலாம் என நம்புகின்றனர். அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, உருவம் உண்டு, விருப்பு வெறுப்புகள் உண்டு. படைத்தவரோடு அது உரையாடும். சில வேளைகளில் முரண்படவும் செய்யும். இந்த அகத்துணையையே அவர்கள் துல்பா என அழைக்கின்றனர். திபெத்தியத் துறவிகள் நெடுங்காலமாக மறைவிற் காத்துவந்த கலை இது என்பது பரவலான நம்பிக்கை. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் வரலாற்றோடு பொருந்துகின்றது? அத்துணையின் பிறப்பிடம் யாது? அது யார்? இவ்வினாக்களை நாம் ஆராயப் புகுவது வெறும் விநோத ஆர்வத்தினால் அன்று. மனிதன் தன் தோழனைத் தன் மனத்துக்குள்ளேயே தேடவேண்டிய நிலை எவ்வாறு தோன்றியது என்பது அடிப்படையில் சமுதாயத்தைப் பற்றிய வினாவாகும்.

முதலிற் சொல்லை நோக்குவோம். திபெத்திய எழுத்தில் 'ஸ்ப்ருல்-பா' என எழுதப்படும் இச்சொல், வடமொழியிலுள்ள 'நிர்மித', 'நிர்மாண' என்னும் சொற்களைப் பெயர்க்கக் கைக்கொள்ளப்பட்டது. 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் திபெத்திய மன்னரின் ஆதரவுடன் பௌத்த நூல்கள் பெயர்க்கப்பட்டபோது இத்தகைய கலைச்சொற்கள் திட்டமாக வரையறுக்கப்பட்டன. மூலச்சொல் நமக்கு அந்நியமானதன்று. வீட்டு நிருமாணம், தேச நிருமாணம் என நாம் அன்றாடம் வழங்குவதும் அதே வேரிற் கிளைத்த சொல்லே. மகாயான பௌத்தர் புத்தருக்கு மூன்று காயங்கள் உண்டென்பர். அவற்றுள் மூன்றாவதாகிய நிர்மாணகாயம், உலகத்து மக்களின் கண்ணுக்குப் புலனாகுமாறு, அவர்களுடைய துயர் துடைக்கும் பொருட்டு எடுக்கப்பட்ட உருவமாகும். படைக்கப்பட்ட உருவம் படைத்தவருக்குத் துணையாக அன்றி, பிறருக்குத் துணையாகவே கருதப்பட்டது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

இக்கருத்தின் வேர் மகாயானத்துக்கும் முற்பட்டது. பாளி மொழியிலுள்ள சாமஞ்ஞபல சூத்திரம், தியானத்தில் முதிர்ந்த பிக்கு தன் உடலினின்றும் மனோமயமான வேறோர் உடலைத் தோற்றுவித்தலைப் பேசுகின்றது. நாணலை அதன் உறையினின்று உருவுதல் போலவும், வாளை உறையினின்று கழற்றுதல் போலவும் அது நிகழும் என்பது அந்நூல் காட்டும் உவமை. 5ஆம் நூற்றாண்டிலே புத்தகோசர் நமது நாட்டின் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து இயற்றிய விசுத்திமக்கம் இத்தகைய ஆற்றல்களை வகுத்தும் விரித்தும் உரைக்கின்றது. அவர் எடுத்தாளும் கதைகளுள் சூளபந்தகரின் கதை நமது பொருளுக்கு மிக நெருங்கியது.

சூளபந்தகர் நான்கு திங்கள் முயன்றும் ஒரு செய்யுளை மனனஞ் செய்ய இயலாதவர். அதனால் அவருடைய தமையனாராகிய மூத்த பிக்கு அவரை விகாரையை விட்டுப் போகுமாறு கூறிவிட்டார். புத்தரோ அவர் கையில் ஒரு தூய துணியைக் கொடுத்து அதனைத் தேய்த்துக்கொண்டிருக்குமாறு பணித்தார். துணி அழுக்கேறியதைக் கண்டு நிலையாமையை உணர்ந்த சூளபந்தகர் ஞானமடைந்தார். பின்னர், ஜீவகனுடைய மாந்தோப்பிலே தம்மைப் போன்ற ஆயிரம் பிக்குகளை அவர் நிருமித்தார். சிலர் சீவரந் தைத்தனர், சிலர் சாயந் தோய்த்தனர், சிலர் ஓதினர். அவரை அழைக்க வந்த ஏவலாள் "சூளபந்தகர் யார்?" என வினவியபோது, ஆயிரம் வாய்களும் "நானே" என்றன. முதலில் விடையிறுப்பவரைப் பற்றி அழைத்து வருக என்பது புத்தர் காட்டிய வழி. அவ்வாறு செய்ததும் ஏனையோர் மறைந்தனர்.

இக்கதையை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளவேண்டியதில்லை. அதனைப் படைத்தோரின் மனவுலகை அறிவதற்கு அது சான்றாகும். மந்தமானவன் என ஒதுக்கப்பட்ட ஒருவரின் படைப்பில் தோன்றியவர்கள் எத்தகையோர்? மாயமான வீரர்களோ அழகிய ஏவலாளரோ அல்லர். துணி தைப்பவரும் சாயந் தோய்ப்பவரும் ஓதுவோருமாகிய சங்கத்தாரே. அவரை வெளியேற்றிய அதே கூட்டு வாழ்வுதான் அவருடைய மனத்தினின்றும் ஆயிரம் மடங்காக மீண்டு வருகின்றது. தனியாகக் கருதி வேறுபடுத்தினாலன்றி, நிருமிக்கப்பட்டோர் படைத்தவரைப் போன்றே நிற்பர், இருப்பர், பேசுவர் என விசுத்திமக்கம் கூறுகின்றது. அவர்களுக்குத் தனித்த ஆளுமை உண்டென்னும் எண்ணம் அங்கு இல்லை.

வைதிக மரபும் இவ்வினாவை எதிர்கொண்டது. பதஞ்சலியின் யோகசூத்திரம் நிர்மாண சித்தங்கள் 'நான்' என்னும் உணர்வு ஒன்றினின்றே தோன்றுவன என்றும், அவை பலவாயினும் அவற்றைச் செலுத்துவது ஒரு சித்தமே என்றும் வரையறுக்கின்றது. மகாயானத் தத்துவஞானியாகிய நாகார்ச்சுனரோ வினாவைத் தலைகீழாகத் திருப்பினார். நிருமிதனான ஒருவன் வேறொரு நிருமிதனைப் படைத்தல் எவ்வாறோ, அவ்வாறே செய்வோனும் செயலும் அமைகின்றன என்பது மத்தியமக காரிகையில் அவர் காட்டும் உவமை. 'என்னாற் படைக்கப்பட்டவன் உண்மையானவனா?' என வினவுவோனை நோக்கி, 'வினவுகின்ற நீ மட்டும் தனித்து நிற்கும் உண்மையோ?' எனக் கேட்கும் மரபு இது. திபெத்தியத் தாந்திரிகப் பயிற்சியிலும் தேவதையின் உருவத்தை மனத்திற் சமைக்கும் கட்டமும், சமைத்ததை மீண்டுஞ் சூனியத்திற் கரைக்கும் கட்டமும் உண்டு. கரைப்பது பயிற்சியின் தோல்வியன்று. அதன் நோக்கமே அதுதான்.

ஆயின், திபெத்திய மண்ணில் இச்சொல் தத்துவமாக மட்டும் நிற்கவில்லை. நிர்மாணகாயத்துக்குத் திபெத்தியர் இட்ட பெயர் 'துல்கு' என்பது. இறந்த மகான் ஒரு குழந்தையாக மீண்டும் உருவெடுப்பார் என்னும் நம்பிக்கையில் எழுந்த துல்கு மரபு 13ஆம் நூற்றாண்டளவில் கர்மபா மடத்தலைவர் வழியில் உருப்பெற்றது. விளைநிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் குடிகளையும் உடைமையாகக் கொண்டிருந்த மடங்களின் தலைவர்கள் மணஞ் செய்யாதவர்கள். அவர்களுக்கு வாரிசு இல்லை. சொத்தும் அதிகாரமும் சிதறாது ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்ல இம்மரபு வழி வகுத்தது. 1642இல் ஐந்தாவது தலாய் லாமா நாட்டின் ஆட்சியையே ஏற்றார். 2007இல் சீன அரசாங்கம், துல்குகளின் மறுபிறப்பை அங்கீகரிப்பதற்கு அரச அனுமதி வேண்டுமென விதி இயற்றியமையும் இதனாலேதான். பரலோகத்தைப் பற்றிய கோட்பாடு போலத் தோன்றுவது, உண்மையில் நிலத்தையும் ஆட்சியையும் பற்றிய கோட்பாடாகவும் இருந்தது. மக்களின் துயர் துடைக்கும் உருவம் என்னும் உயர்ந்த எண்ணமும், நிலப்பிரபுத்துவ உடைமையைக் காக்கும் ஏற்பாடும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன.

இனி, அச்சொல் மலையிறங்கிய கதையைக் காண்போம். பிளவாட்ஸ்கி அம்மையாரும் கேணல் ஒல்கொட்டும் 1875இல் நியூயோர்க்கில் பிரமஞான சபையை நிறுவினர். 1880இல் இருவரும் காலித் துறைமுகத்தில் வந்திறங்கிப் பஞ்சசீலம் ஏற்றமை நமது நாட்டு வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. பாதிரிமாரின் கல்வி ஆதிக்கத்துக்கு எதிராகப் பௌத்த பாடசாலைகள் எழுவதற்கு அவர்கள் ஆற்றிய பணியை மறுத்தல் நேர்மையாகாது. பின்னாளில் ஆனந்தா கல்லூரியாக வளர்ந்த பாடசாலை 1886இல் கொழும்பிலே தொடங்கப்பட்டபோது அதனை நடத்தியவர் லெட்பீற்றர் என்னும் ஆங்கிலேயர். இதே லெட்பீற்றரும் அன்னி பெசன்ற் அம்மையாரும் சேர்ந்து பின்னர் 'எண்ண உருவங்கள்' என்னும் கோட்பாட்டைப் பரப்பினர். அம்மையார் 1896இல் அதுபற்றிக் கட்டுரை வரைந்தார். அது பின்பு வண்ணப் படங்களோடு நூலாக விரிந்தது. மனத்தில் எழும் எண்ணம் நுண்ணிய பொருளில் வடிவமெடுத்து, படைத்தவரினின்றும் பிரிந்து தனியே உலவக்கூடும் என்பது அதன் சாரம்.

இக்கோட்பாடு தோன்றிய காலத்தை மறத்தலாகாது. 1895இல் றொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். கண்ணுக்குத் தெரியாதது ஒளிப்படத் தகட்டில் பதிந்தது. விஞ்ஞானம் சமயத்தின் அத்திவாரத்தை அசைத்துவிட்ட ஐரோப்பாவிலே, படித்த நடுத்தர வர்க்கத்தினர் விஞ்ஞானத்தின் மொழியில் பேசும் ஒரு சமயத்தை நாடினர். பழைமையின் அதிகாரம் அதற்குத் தேவைப்பட்டது. அவ்வதிகாரத்தைத் தருவதற்கு, வெளியார் நுழைய இயலாத திபெத்தைக் காட்டிலும் வாய்ப்பான இடம் வேறில்லை. எவரும் சென்று சரிபார்க்க முடியாத நாட்டைப் பற்றி எதனையும் சொல்லலாம் அல்லவா? பிரமஞானிகள் அறிந்த திபெத்தும் ஒரு வகையில் மனம் நிருமித்த நாடேயாம். 1904இல் பிரித்தானியப் படை லாசா நகருக்குட் புகுந்து, அந்நாட்டின் வாயிலை வலிந்து திறந்தது.

இச்சூழலிலேதான் அலெக்சாந்திரா டேவிட்-நீல் அம்மையார் கிழக்கே வந்தார். 1868இற் பிறந்த இந்தப் பிரெஞ்சுப் பெண்மணி எளிதில் மயங்கும் இயல்பினர் அல்லர். இளமையிலேயே அராஜகவாத அறிஞர் எலிசே ரெக்ளூவின் நட்பைப் பெற்றவர், பெண்விடுதலைக்காக எழுதியவர், இசைநாடக அரங்கிற் பாடிப் பிழைத்தவர். பிரமஞான சபையிலும் உறுப்பினராயிருந்தவர். 1911இல் இலங்கை வந்து, தென்னிந்தியாவில் அடையாற்றுத் தலைமையகத்திலும் தங்கி, 1912இல் சிக்கிம் சேர்ந்தார். அங்கு மலைக்குகையில் ஒரு துறவியிடம் திபெத்திய மொழியையும் சமயத்தையும் பயின்றார். 1916இல் பிரித்தானிய அதிகாரிகள் அவரைச் சிக்கிமை விட்டு வெளியேற்றினர். அவரோ 1924இல் ஏழை யாத்திரிகையாக மாறுவேடம் பூண்டு லாசாவை அடைந்தார்.

அவர் 1929இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட திபெத்திய ஞானிகளையும் மந்திரவாதிகளையும் பற்றிய நூலிலேயே துல்பா பற்றிய புகழ்பெற்ற செய்தி உளது. குட்டையான, தடித்த, கள்ளங்கபடமற்ற, மகிழ்ச்சி நிறைந்த ஒரு பிக்குவின் உருவத்தை அவர் தேர்ந்தார். தனித்திருந்து சில மாதங்கள் மனத்தை ஒருமுகப்படுத்தினார். உருவம் தோன்றியது, பயணத்திலும் உடன் வந்தது. வெண்ணெய் கொண்டுவந்த இடையர் ஒருவர் அதனைக் கூடாரத்திற் கண்டு மெய்யான லாமா என்றே கருதினாராம். நாளடைவில் அவ்வுருவம் அவருடைய கட்டுக்கு அடங்காததாயிற்று. உடல் மெலிந்தது, முகத்தில் ஏளனமும் வஞ்சகமும் படர்ந்தன. அதனைக் கரைப்பதற்கு ஆறு மாதம் பாடுபட வேண்டியிருந்தது என்கிறார். தாமே தமது மனமயக்கத்தைப் படைத்திருக்கக்கூடும் என ஒப்புக்கொள்ளும் நிதானமும் அவரிடம் இருந்தது. ஆனால் அந்நூலின் ஆங்கிலப் பதிப்பில் இவ்வுருவங்களைக் குறிக்க ஆளப்பட்ட தொடர், அன்னி பெசன்ற் அம்மையாரும் லெட்பீற்றரும் பரப்பிய அதே 'எண்ண உருவங்கள்' என்பதாகும்.

இவ்விடத்தில் ஒரு பாடசாலை ஆசிரியரை நாம் நினைவுகூர்தல் வேண்டும். காசி தாவா சம்துப் என்பார் கங்டொக் நகரிலே பாடசாலைத் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். ஆங்கில–திபெத்திய அகராதியொன்றைத் தொகுத்தவர். அது 1919இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக வந்தது. டேவிட்-நீல் அம்மையாருக்குச் சிக்கிமிலே மொழிபெயர்ப்பாளராக உதவியவர் இவரே. 1919இல் எவன்ஸ்-வென்ற்ஸ் என்னும் அமெரிக்கர் அங்கு சென்றபோது, திபெத்திய ஏடுகளை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தவரும் இவரே. எவன்ஸ்-வென்ற்ஸ் திபெத்திய மொழி அறியாதவர், அவரும் பிரமஞானி. தாவா சம்துப் 1922இல் இறந்தார். 1927இல் 'திபெத்திய மரண நூல்' ஒக்ஸ்போர்ட்டில் அச்சேறியது. ஆங்கிலமாக்கம் தாவா சம்துப்பினுடையது என முகப்பிற் குறிக்கப்பட்டிருந்தும், உலகம் அதனை எவன்ஸ்-வென்ற்ஸின் நூலென்றே அறிந்தது. அவரே 1954இல் வெளியிட்ட மற்றொரு நூலில் துல்பாவை எடுத்து விளக்கினார். மேலைநாட்டார் இருவரின் புகழுக்குப் பின்னால், அவர்களுக்கு மொழியாக நின்ற ஓர் ஆசிரியர் உருவமற்ற துணையாக மறைந்துபோனார். மனத்துக்குள் தோழரைக் காண முயன்ற உலகம், தன் அருகில் இருந்து உழைத்த மனிதரைக் காணவில்லை.

2015இல் நற்றாஷா மிக்கிள்ஸ், ஜோசப் லேகொக் என்னும் ஆய்வாளர் இருவர், இன்று வழங்கும் துல்பாக் கோட்பாடு திபெத்திய பௌத்தத்தைக் காட்டிலும் பிரமஞான சபைக்கே கூடுதலாகக் கடமைப்பட்டது என எடுத்துக்காட்டினர். நாம் மேலே கண்ட சான்றுகளும் அதனையே வலியுறுத்துகின்றன. சொல் திபெத்துக்குரியது, அதனுள் வைக்கப்பட்ட பொருள் ஐரோப்பாவினது. பிறர் பொருட்டு எடுக்கப்படும் உருவம், தனிமனிதன் தனக்கெனப் படைக்கும் உருவமாயிற்று. கரைத்தலையே நோக்கமாகக் கொண்ட பயிற்சி, கரைப்பதற்கு அஞ்சும் பயிற்சியாயிற்று. படைத்தவனையும் கேள்விக்குள்ளாக்கிய தத்துவம், படைத்தவனின் ஆற்றலைப் போற்றும் தத்துவமாயிற்று. தனியுடைமைச் சமுதாயம் மனத்தின் நிழல்களையும் தன் சாயலிலேயே வார்த்துக்கொண்டது எனலாம்.

எனினும், 'இது இரவற் கோட்பாடு' எனக் கூறி ஒதுக்கிவிடுவது ஆராய்ச்சியாகாது. 2010ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் இச்சொல் இணையத்தின் வழி இளைஞரிடையே பரவியது. அவர்களிடம் மறைஞான நாட்டம் பெரிதும் இல்லை. உளவியலின் மொழியிலேயே பெரும்பாலோர் பேசினர். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் சாமுவேல் வெய்சியே அவர்களை ஆராய்ந்து கண்டது யாது? அவர்களுட் பெரும்பாலோர் நகர்ப்புறத்து நடுத்தர வர்க்கத்தைச் சேர்ந்த இளைஞர், பிறரோடு பழகுவதில் அச்சமும் கூச்சமும் உடையோர், தனிமையுற்றோர். துல்பாவின் வரவால் தம் துயரம் தணிந்தது எனப் பலர் கூறினர். இவர்களைப் பித்தர் என எள்ளுதல் எளிது. ஆனால் அவர்கள் கூறும் அனுபவம் மனித இயல்புக்குப் புறம்பானதன்று.

ஒறிகன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மார்ஜரி ரெயிலரும் அவர்தம் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆராயப்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் ஏழு வயதுக்குள் கற்பனைத் தோழர் ஒருவரையேனும் கொண்டிருந்தமை தெரியவந்தது. வேறோர் ஆய்விலே அவர்கள் 50 புனைகதை எழுத்தாளரை வினவினர். தாம் படைத்த பாத்திரங்கள் தம் விருப்பத்தையும் மீறித் தாமாகவே பேசி நடக்கும் அனுபவம் ஓரளவுக்கேனும் உண்டென 92 சதவீதத்தினர் கூறினர். இதன் காரணம் மாயமன்று. பயின்ற கை தறியில் தானாக ஓடுவதுபோல, ஓர் ஆளைப் பன்னாள் எண்ணிப் பழகிய மனம், அவர் என்ன சொல்வார் என்பதை முயற்சியின்றியே தருகின்றது. முயற்சி புலப்படாதபோது அக்குரல் வேறெவருடையதோ போல ஒலிக்கின்றது. டேவிட்-நீல் அம்மையாரின் பிக்கு கட்டுமீறியதும் இவ்வகையில் விளங்கிக்கொள்ளத் தக்கதே.

ஆகவே, 'அகத்துணை யார்?' என்னும் வினாவுக்கு நாம் விடை கூறலாம். அது வேற்றுலகத்தினின்று வந்த ஆவியன்று, வெறும் பொய்யுமன்று. நாம் பிறரோடு பேசிப் பெற்ற மொழியும், பிறரிடம் கண்ட முகமும், பிறரிடம் பெறாத அன்புமே அதன் மூலப்பொருள்கள். மனிதன் எவ்வளவு தனித்திருந்து படைத்தாலும் சமுதாயத்தைக் கொண்டே படைக்கின்றான். அநுராதபுரத்து நூலில் அது சீவரந் தைக்கும் சங்கமாகத் தோன்றியது. திபெத்திய மடத்தில் அருளாகவும் ஆட்சியாகவும் தோன்றியது. பிரமஞானிகளிடம் மனத்தின் பேராற்றலாகத் தோன்றியது. இன்றைய நகரத்து அறையில் பேசக் கிடைக்காத நண்பனாகத் தோன்றுகின்றது. ஒவ்வொரு காலத்தின் நிருமிதமும் அக்காலத்தின் இல்லாமையையே அளந்து காட்டுகின்றது.

2018இல் பிரித்தானியாவும் 2021இல் யப்பானும் தனிமையைக் கவனிப்பதற்கென அமைச்சர்களை நியமித்தன. உலகின் செல்வம் மிக்க நாடுகளிலே மனிதனுக்கு மனிதன் அரும்பொருளாகிவிட்டான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? உரையாடும் இயந்திரத்தைத் தோழனென விலைகூறும் நிறுவனங்களும் எழுந்துவிட்டன. மனத்துக்குள் இருந்த துணையையும் வணிகம் கைப்பற்றுகின்றது. நமது நாட்டிலும் போரினாலும் புலம்பெயர்வினாலும் வெறுமையான வீடுகள் பல. வெளிநாட்டிலுள்ள மகனோடு மனத்துக்குள்ளேயே பேசிக்கொண்டு கிணற்றடியில் நிற்கும் தாய்மாருக்குத் துல்பா என்னும் சொல் தெரியாது, பொருள் தெரியும்.

இத்தகையோரிடம் 'உனது துணை மெய்யன்று' என வாதிடுவது அறிவின் பணியன்று. அவர்கள் அருகிற் சென்று அமர்வதும், அமர்வதற்கு நேரமும் இடமும் தரும் சமுதாய ஒழுங்கினை ஆக்குவதுமே செய்யத்தக்கன. வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் அயலவர் கூடும் திண்ணைகளும் அற்பமான காரியங்கள் அல்ல. வகுப்பின் கடைசி வாங்கில் தனியே இருக்கும் பிள்ளையை மந்தமானவன் என ஒதுக்காது, அவன் கையிலே ஒரு வேலையைக் கொடுத்துக் காத்திருத்தலும் அற்பமானதன்று. சூளபந்தகருக்கு முதலில் தேவைப்பட்டது ஆயிரம் நிருமிதர் அல்லர். அவரை வெளியே அனுப்பாத ஒரு மனிதரே.